‘உங்ககிட்ட இன்னும் எதிர்பார்த்தேன்’: ஒரு வாக்கியம் தின்ற வருஷம்

பகலில் வேலை, சாயங்காலம் படிப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக, “முன்னாடியெல்லாம் நல்லாத்தானே பண்ணிட்டு இருந்தோம், இப்ப மட்டும் ஏன் மூளை ஓட மாட்டேங்குது” என்று ராத்திரி தூக்கம் கெட்டுப் புரண்டுகொண்டிருப்பவர்களுக்காக. எனக்கு அந்த நிலைமை வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்; ஆனால் அவர்களிடம் என்னவென்று கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் சம்பள உயர்வு வரவில்லை. போனஸும் போயிற்று. படிப்பில் ஒரு செமஸ்டர் கட்டணத்தை மறுபடியும் கட்டினேன், அதுவும் கைமாற்று வாங்கி. பணமாவது எப்படியோ புரட்டியாகிவிட்டது. நான் லாயக்கில்லாத ஆள் என்று மனதார நம்பிக்கொண்டு கழித்த மாதங்கள்தான் இன்றைக்கும் உறுத்துகின்றன.

தொடக்கம் ரொம்பச் சாதாரணமானது. வேறு குழுவுக்கு மாறியிருந்தேன், புது மேனேஜர். அரையாண்டு அப்ரைசல் பேச்சு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே, “எல்லாம் ஓகேதான். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, உங்ககிட்ட இன்னும் எதிர்பார்த்தேன்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கையை லேசாக உயர்த்தினார். அப்புறம் பேசலாம் என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் கிளம்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காது. திட்டில் ஒரு விஷயமாவது இருக்கும்: இதைச் செய்யவில்லை, அதைக் கெடுத்தாய் என்று. இந்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. எதை எதிர்பார்த்தார், எவ்வளவு எதிர்பார்த்தார், எந்த வேலையில் எதிர்பார்த்தார் என்று எல்லாவற்றையும் நானே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. நிரப்புகிற வேலையைப் பயத்திடம் விட்டால் அது சும்மா இருக்குமா?

மறுநாள் காலை அவருக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். நாலு வரி மின்னஞ்சல்தான். ‘இணைத்திருக்கிறேன், பாருங்கள்’ என்றால் அதிகாரமாகத் தெரியுமோ? ‘நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ என்றால் அக்கறையில்லாதது போல இருக்குமோ? ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று போட்டேன். தாமதமே ஆகவில்லையே என்று உறைத்து அழித்தேன். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று திரும்பப் போட்டேன். அனுப்பிய பிறகு, அனுப்பிய கடிதங்களுக்குள் போய் அதை அவர் கண்ணால் படிப்பது போலப் படித்துப் பார்த்தேன். பதில் வந்தது: ‘சரி.’ முற்றுப்புள்ளியோடு. அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க ஆராய்ச்சி. பழைய பதில்களில் புள்ளி வைத்திருக்கிறாரா என்று தேடினேன். சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்படி வாரக்கணக்காகப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு வேலையைச் செய்யும்போது அதற்குத் தேவையான விவரங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனைப் பணி நினைவு என்கிறார்கள். 1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த கருத்து இது. இந்த இடம் ரொம்பச் சின்னது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நாலு விஷயங்களைத்தான் அதில் வைத்திருக்க முடியும் என்று 2001-இல் நெல்சன் கோவன் கணக்குச் சொன்னார். நாலே நாலு பேர் உட்காரும் திண்ணையில் ‘அவர் என்ன நினைக்கிறார்’ என்ற கவலை வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டால், வேலை எங்கே உட்காரும்? ஒரு கோப்பைத் திறந்துவிட்டு எதற்காகத் திறந்தோம் என்று விழிப்பது, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, கூட்டத்தில் கேள்வி வந்தால் தெரிந்த பதிலே தொண்டையில் நிற்பது எல்லாம் எனக்கு நடந்தது. வயசாகிவிட்டது, அறிவு மழுங்கிவிட்டது, படிப்பையும் சேர்த்து இழுத்துப்போட்டுக்கொண்டது தப்பு என்று என்னென்னவோ காரணம் தேடினேன். திறமை எங்கேயும் போகவில்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் வேறு ஒன்று இருந்தது, அவ்வளவுதான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் மருந்துக் கடையில் ஞாபக சக்தி மாத்திரை தேடி அலைந்திருக்க மாட்டேன். அந்த மாத்திரைகளால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே முதல் யோசனை: திடீரென்று வேலையிலோ படிப்பிலோ தடுமாற்றம் வந்தால், உடனே இன்னும் அதிக நேரம் உட்கார ஆரம்பிக்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். ராத்திரி நீண்டது, தூக்கம் குறைந்தது, மறுநாள் இன்னும் மோசம். அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து, வேலை செய்யும்போது குறுக்கே வரும் எண்ணம் எதுவோ அதை வந்தபடியே எழுதி வையுங்கள். ரெண்டு மூணு நாளில் ஒரே ஆள், ஒரே பேச்சு, ஒரே பயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சரிசெய்ய வேண்டியது அதைத்தான். உழைப்பின் அளவை அல்ல.

எழுத்தில் வரும் செய்தி பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ‘சரி’, ‘பார்க்கிறேன்’, ‘பேசணும்’ மாதிரியான ஒற்றைவரிச் செய்திகள்தான் என்னை அதிகம் வதைத்தன. மின்னஞ்சலில் தொனி எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்று ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிண்டலாகச் சில வாக்கியங்கள், நிஜமாகவே சொல்வதாகச் சில வாக்கியங்கள் என்று அனுப்பச் சொன்னார்கள். எதிராளி 100-க்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். குரலில் சொன்னபோது நம்பிக்கைக்கும் நடப்புக்கும் இடைவெளி கொஞ்சம்தான் இருந்தது. மேனேஜர் அவசரத்தில் தட்டிவிட்ட ‘சரி.’ அவருக்கு வெறும் சரிதான். அதில் முகச்சுளிப்பு இருந்ததாகப் படித்தது என் பயம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு செய்தியைப் படித்ததும் வயிறு இறுகினால், அதை இரண்டாம் தடவை படிப்பதில்லை. எழுந்து போய் நேரில் கேட்கிறேன், முடியாவிட்டால் போன் போடுகிறேன். “நீங்க அனுப்பினதைப் பார்த்தேன், நான் இன்னும் ஏதாவது பண்ணணுமா?” என்றால் போதும். முக்கால்வாசி நேரம் “இல்லையே, ஏன்?” என்றுதான் பதில் வருகிறது.

படிப்புப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் அடிவாங்கிய மனதோடு சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடும், அர்த்தம் நிற்காது. அதனால் திரும்பப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிவிடுகிறது, பழகியது தெரிந்தது போலத் தோன்றுகிறது. கலர் கலராகக் கோடு போட்டிருந்தேன். பரீட்சை அறையில் கேள்வித்தாளைப் பிரித்தபோது, விடை இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கோடு இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கோட்டுக்கு மேல் என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், வியர்த்தது, அந்த மேனேஜரின் முகம் வந்தது. சம்பந்தமே இல்லாத இடத்தில் அவர் ஏன் வர வேண்டும்? ‘இன்னும் எதிர்பார்த்தேன்’ என்று கேள்வித்தாளே சொல்வது போல இருந்தது. பாதித் தாளைக் காலியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பேப்பர்கள் ஊற்றிக்கொண்டன.

ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்களையும், ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னிலை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் அவர்கள் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். கவலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கவலையோடு திரும்பப் படிப்பது கண்ணுக்கு மட்டும் வேலை. மூடிவிட்டு எழுதும்போது மனம் அலைந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும், தாள் காலியாகக் கிடக்கும். இரண்டாம் தடவை பரீட்சைக்கு நான் கோடு போடவே இல்லை. ஒரு தலைப்பைப் படித்து, மூடி, தெரிந்ததை எழுதி, திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் நிரப்பினேன். முதல் வாரம் அவமானமாக இருக்கும், இவ்வளவுதானா நமக்குத் தெரியும் என்று. அந்த அவமானத்தை வீட்டு மேஜையில் பட்டுவிடுவது நல்லது.

பரீட்சை பயத்துக்கு இன்னொரு யோசனையும் பலர் சொல்வார்கள்: எழுதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பயத்தையெல்லாம் தாளில் கொட்டிவிடு, மதிப்பெண் ஏறும் என்று. ராமிரெஸ், பெய்லாக் இருவரின் 2011 ஆய்விலிருந்து வந்தது இது. 2018-இல் வேறு குழு அதை அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே இது கைகண்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது வேறு விதமாக உதவியது: எழுதிப் பார்த்தபோதுதான் என் பயம் பாடத்தைப் பற்றியதே அல்ல, அந்த அப்ரைசல் பேச்சைப் பற்றியது என்று பிடிபட்டது.

படிப்பில் என் புராஜெக்டுக்கு வழிகாட்டிய கைடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அத்தியாயம் எழுதி அனுப்பிவிட்டு ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று போட்டிருந்தேன். பதிலே இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, சொல்லச் சங்கடப்படுகிறார் என்று நானே முடிவுகட்டி அடுத்த அத்தியாயத்தை எழுதாமல் நிறுத்தினேன். மாதக்கணக்கில் வேலை நின்றது. விஷயம் என்னவென்றால், அவ்வளவு பக்கத்தையும் உட்கார்ந்து படிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. இப்போது நான் யாருக்கும் ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதுவதில்லை. ‘மூன்றாம் பக்கத்தில் இரண்டு வழி கொடுத்திருக்கிறேன், முதலாவதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், வெள்ளிக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே தொடர்கிறேன்’ என்று எழுதுகிறேன். நடந்துபோகும்போதே படித்து பதில் போட்டுவிடக்கூடிய கேள்வியாக இருந்தால் பதில் வரும். பதில் வராவிட்டாலும் என் வேலை நிற்காது.

சம்பளக் கடிதம் வந்த அன்றைக்கு வீட்டில் எதுவும் சொல்லவில்லை. “இந்த வருஷம் எல்லாருக்குமே தள்ளிப்போட்டுட்டாங்க” என்று சமாளித்தேன். பரீட்சை முடிவையும் மறைத்தேன். மறைப்பதும் ஒரு வேலைதான் என்பது அனுபவித்தால்தான் தெரியும். யாரிடம் என்ன சொல்லி வைத்தோம் என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் நெஞ்சு கனக்கும். நண்பர்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எல்லாருக்கும் என் நிலைமை முகத்திலேயே தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பிற்பாடு விவரம் சொன்னபோது ஒவ்வொருவரும் ஆச்சரியப்பட்டார்கள்.

பழைய குழுவில் கூட வேலை பார்த்த ஒரு சீனியர் அக்கா. தற்செயலாக லிஃப்டில் பார்த்து, “என்ன இப்படி இளைச்சுட்ட?” என்றார். நான் வழக்கம் போல மழுப்பப் பார்த்தேன், அவர் விடவில்லை. உட்கார வைத்துக் கேட்டார். நான் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன்: மேனேஜருக்கு என்னைப் பிடிக்கவில்லை, குழுவை விட்டு அனுப்பப் பார்க்கிறார், என் மேல் நம்பிக்கை போய்விட்டது. எல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஒரே கேள்வி கேட்டார். “இதெல்லாம் அவர் சொன்னாரா? அவர் வாயால சொன்னது என்ன, அதை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை சொல்லு.” யோசித்தேன். ‘உங்ககிட்ட இன்னும் எதிர்பார்த்தேன்.’ அவ்வளவுதான் இருந்தது. “அப்ப மீதி?” என்றார். மீதி நான் எழுதிய வசனம். “போய்க் கேளு. ஆனா ‘நான் என்ன தப்பு பண்ணினேன்’னு கேக்காதே, அவரும் கூச்சப்பட்டு ‘ஒண்ணுமில்ல, நல்லா பண்றீங்க’ன்னுடுவாரு. ஒரு வேலையோட பேரைச் சொல்லிக் கேளு.”

இந்த ஒரு வரிக்காக அக்காவுக்கு நான் வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன். மேனேஜரிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன், ஏனென்றால் உள்ளே போனால் வாய் உளறும் என்று தெரியும். “சார், போன தடவை என்கிட்ட இன்னும் எதிர்பார்த்ததாச் சொன்னீங்க. போன காலாண்டு அறிக்கையை எடுத்துக்குவோம். அதுல எது வேற மாதிரி இருந்திருந்தா நீங்க எதிர்பார்த்தபடி இருந்திருக்கும்?” அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “நான் அப்படியா சொன்னேன்?” என்றார். நினைவே இல்லை. பிறகு யோசித்துச் சொன்னார்: வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்தால் கெடு நாளன்று சொல்லாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கூட்டத்தில் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் போக வேண்டும், நான் காரணத்திலிருந்து ஆரம்பித்து முடிவுக்கு வருவதற்குள் மேலிடத்தில் கவனம் போய்விடுகிறது. இரண்டே விஷயம். ஒரு வாரத்தில் பழகிவிடக்கூடியவை. வெளியே வந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? இதற்காகவா ஒரு வருஷம்?

கோபம் தணிந்த பிறகு வேறொன்று புரிந்தது. அவர் வேண்டுமென்று மூடி வைக்கவில்லை. அவர் மனதில் முழுப் படமும் இருந்தது, அது எனக்கும் தெரிகிறது என்றே நினைத்திருக்கிறார். 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மேஜையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டுகளில் பாதியையாவது எதிராளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் சொன்னார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் மண்டைக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, எதிராளிக்கு டொக் டொக் மட்டும்தான். நானும் என் ஜூனியர்களிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேனோ என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. ஒருவர் வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் எல்லாரும் முன்னேறுவார்கள் என்பதும் ஒரு நம்பிக்கைதான். க்ளூகரும் டெனிசியும் 1996-இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். ‘இந்த அட்டவணையில் போன மாதக் கணக்கும் வேண்டும்’ என்றால் அட்டவணையைப் பார்ப்பேன். ‘உங்ககிட்ட எதிர்பார்த்தேன்’ என்றால் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் நாலு பேரை வேலை வாங்கும் இடத்திலோ பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்திலோ இருந்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே சொல்வது பற்றி. கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவது என் குணம் மட்டுமல்ல, மனுஷ குணம். மேலே இருப்பவர் முகம் சுளிப்பாரே என்ற தயக்கம் உயிர் போகிற இடத்தில்கூட வேலை செய்யும். 1977 மார்ச் 27-ஆம் தேதி ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டத்தில் புறப்பட ஓட ஆரம்பித்த, கேஎல்எம் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் விமானத்தில், எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃபிளைட் எஞ்சினியர் கேட்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவர் மேற்கொண்டு வலியுறுத்தவில்லை. அந்த கேப்டன் நிறுவனத்திலேயே பெரிய பேர் வாங்கியவர். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு நடந்த வானொலிப் பேச்சிலும் குழப்பம் இருந்தது. அதன் பிறகுதான் சின்னப் பதவியில் இருப்பவரும் சந்தேகத்தை உரக்கச் சொல்லவும், பெரியவர் அதைக் காதில் வாங்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. ஆபீஸ் வேலையில் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் தயக்கத்தின் அமைப்பு ஒன்றுதான். நான் இப்போது வாரக் கடைசியில் மேனேஜருக்கு மூன்று வரி அனுப்புகிறேன்: முடிந்தது இது, அடுத்து இது, தள்ளிப்போக வாய்ப்புள்ளது இது. மூன்றாவது வரி எப்போதும் இருக்கும், ஒன்றுமில்லை என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று போடுவேன். வழக்கமாக வரும் வரி என்பதால் கெட்ட செய்தி அதில் வரும்போது யாரும் திடுக்கிடுவதில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தனியாகத் தைரியம் திரட்ட வேண்டியிருப்பதில்லை.

சாயங்காலம் படிக்க உட்காரும்போது ஆபீஸ் கூடவே வந்துவிடும் பிரச்சினைக்கும் ஒரு வழி கிடைத்தது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். முடிக்காத வேலைக்கு அடுத்து என்ன, எப்போது, எப்படி என்று திட்டம் எழுதி வைத்தாலே போதும், அது குறுக்கே வந்து தொந்தரவு செய்வது குறைகிறது, முடிக்கவே வேண்டுமென்பதில்லை என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் கண்டார்கள். கிளம்புவதற்கு முன் ‘நாளை காலை வந்ததும் விற்பனைத் தாளின் இரண்டாம் பகுதியைச் சரிபார்ப்பது, சந்தேகத்தை அக்கவுன்ட்ஸில் கேட்பது’ என்ற அளவுக்கு நுணுக்கமாக எழுதி வைக்கிறேன். ‘அறிக்கையை முடிக்கணும்’ என்று எழுதினால் பலனில்லை, அது புத்தகத்துக்கு நடுவில் தலைநீட்டும். பஸ்ஸில் வரும்போது ஆபீஸ் சாட் செய்திகளைப் பார்ப்பதையும் விட்டேன். இது மட்டும் இன்னும் முழுசாகக் கைவரவில்லை.

எல்லாம் பேசினால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என் மேனேஜர் சரியாகச் சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் ‘எது வேறு மாதிரி இருந்திருக்கணும்’ என்று கேட்டால் அதையே கேலியாக்குவார்கள். அங்கே வேறு வழி: வாய்மொழியாக வரும் ஒவ்வொரு உத்தரவையும் ‘நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்’ என்று அன்றே ஒரு வரி மின்னஞ்சலாக்கி அனுப்பிவிடுங்கள், தேதியோடு இருக்கும். இன்னொன்று, வேலையினால் வரும் தீராத அசதி, வேலை மேல் வெறுப்பு, எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்து வருவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன்அவுட்’ என்று தன் நோய் வகைப்பாட்டு நூலில் விளக்கியது. அதை நோய் என்று சொல்லவில்லை, தொழில் சார்ந்த நிலை என்றே வைத்தது. ஆனால் விடுமுறையிலும் மனம் எழவில்லை, சாப்பாடு தூக்கம் இரண்டும் வாரக்கணக்காகக் கெட்டுவிட்டது, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது என்றால் அது மேனேஜரிடம் பேசித் தீர்கிற விஷயமல்ல, மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். நான் போனது தாமதமாகத்தான், போன பிறகு தூக்கம் திரும்பியது. வேலையை விட்டுவிடலாம் என்று அந்த மாதிரி ராத்திரிகளில் தோன்றும். ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நல்லாத் தூங்கி எழுந்த ஒரு காலையில் அதை மறுபடி படித்துப் பாருங்கள், அடுத்த வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் அடுத்த செமஸ்டர் கட்டணத்தின் கடைசித் தேதி எப்போது என்றும் பார்த்துவிடுங்கள்.